குடத்தில் ஆற்றுத் தண்ணீர், களிப் பானையில் போர் தண்ணீர்: தர்மபுரியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

எலும்பு, மூட்டுக் கோளாறு உள்ளவர்களுக்கு உதவும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைச் செலவு, ஊன்றுகோல், பிசியோதெரபி, அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் வருவது என்று வேலை போகும். தர்மபுரி மாவட்டத்து மானாவாரிக் கிராமம் ஒன்றில் ஒரு குடும்பத்தோடு ஓராண்டு பழகியதை இங்கே பதிகிறோம். குடும்பத்தார் சம்மதித்திருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டோம்.

பின்னணி

அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. தக்காளித் தோட்டங்களில் கூலி வேலை. வீட்டில் அவர், மகன், மருமகள், எட்டு வயதுப் பேரன், அவனுக்கு ஒரு தங்கை. பத்து வருடங்களாக அம்மாவுக்கு இடுப்பு வலி, முட்டி வலி. "வாதம்" என்று ஊரில் சொன்னார்கள், அவரும் அப்படியே நம்பினார். வலி மிஞ்சும் நாளில் ஊசி, மற்ற நாளில் மருந்துக் கடையில் வாங்கும் வலி மாத்திரை. மாத்திரை போட்டால்தான் கூலிக்குப் போக முடியும் என்ற நிலை வந்து நாளாகிவிட்டது.

இந்தப் பகுதியின் நிலத்தடியில் இருப்பது கருங்கல்லும் நைஸ் பாறையும். அந்தப் பாறைகளில் உள்ள அப்படைட், பயோடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. மழை குறைந்து போர் (ஆழ்துளைக் கிணறு) ஆழமாகப் போகப் போக, தண்ணீர் பாறையோடு கிடக்கும் காலமும் கூடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி. ஃபுளோரைடு வரை ஏற்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் வருடக்கணக்கில் உள்ளே போனால் முதலில் வளரும் பிள்ளைகளின் பல்லில் காவி ஏறும். அப்புறம் எலும்பு அடர்ந்து, தசைநாண்களில் சுண்ணாம்பு படிந்து, மூட்டுகள் இறுகும். ஃபுளோரோசிஸ் என்ற இது புதிதாகக் கண்டுபிடித்த நோயும் இல்லை. அன்றைய சென்னை மாகாணத்தில், நெல்லூர்ப் பக்கத்துக் கிராமத்தாரிடம் ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதைப் பார்த்து 1937-இலேயே விரிவாக எழுதிவிட்டார்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்பது உண்டு. இந்தக் கிராமத்துக்கும் அந்தக் காவிரி ஆற்றுத் தண்ணீர் வருகிறது. ஆகவே இங்கே இனிப் புதிதாக யாருக்கும் இந்த நோய் வராது என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

முகாமில் பார்த்தது

மாசி மாதம் பள்ளிக்கூடத்தில் நடந்த எலும்பு முகாமுக்கு அம்மா முட்டி வலி என்று வந்தார். பெயர் பதியும் மேசையில் எங்கள் களப்பணியாளர் பக்கத்திலிருந்து கூப்பிட்டதும், தலையை மட்டும் திருப்பாமல் இடுப்பிலிருந்து மொத்த உடம்பையும் திருப்பினார். பிசியோதெரபிஸ்ட் அதைக் கவனித்து அவரைத் தனியே உட்கார வைத்தார்.

ஃபுளோரோசிஸைக் களத்தில் சந்தேகிக்க மூன்று எளிய சோதனைகள் உண்டு. முட்டியை மடக்காமல் குனிந்து தரையில் கிடக்கும் நாணயத்தை எடுப்பது முதலாவது. மோவாயை நெஞ்சில் தொடுவது இரண்டாவது. கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, மடக்கி, பின்தலையைத் தொடுவது மூன்றாவது. அம்மாவின் விரல்கள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டன. மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. பின்தலையைத் தொடக் கை எட்டவில்லை. "குத்துக்கால் போட்டு உட்கார்ந்து எத்தனை நாளாச்சும்மா?" என்று கேட்டதற்கு நேராகப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, வெளிக்குப் போவதற்குக் கூடச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று மெல்லச் சொன்னார். அவர் சொன்ன விஷயங்களிலேயே அவரை மிகவும் வாட்டியது இதுதான்.

கூடவே பேரன் வந்திருந்தான். முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடுகள். நடக்கும்போது முட்டிகள் இரண்டும் இடித்துக்கொண்டன. முட்டிகளைச் சேர்த்து நிற்கச் சொன்னால் கணுக்கால்கள் அகன்று நின்றன. மூன்று, நான்கு வயதில் பிள்ளைகளுக்கு இப்படிக் கொஞ்சம் இருப்பது இயல்பு, ஏழு வயதுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். எட்டு வயதில் இந்த அளவு இடைவெளி இருந்தால் காரணம் தேடியாக வேண்டும்.

பரிசோதனைகள்

அம்மாவுக்கு முன்கை, இடுப்பு, கழுத்து எக்ஸ்ரே எடுத்தோம். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் உள்ள சவ்வு சாதாரணமாக எக்ஸ்ரேயில் தெரியாது. அவருக்கு அதில் சுண்ணாம்பு படிந்து, எலும்பின் ஓரம் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. எலும்பு ஃபுளோரோசிஸைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களில் இதற்கு முக்கிய இடம் உண்டு. முதுகெலும்பு வழக்கத்தைவிட வெளுத்து, அடர்த்தியாகத் தெரிந்தது. சிறுநீரில் ஃபுளோரைடு அளவு அதிகம். முதுகுத்தண்டை இறுக்கும் வேறு வாத நோயாக இருக்குமோ என்பதையும் எலும்பு மருத்துவர் பார்த்து விலக்கினார்.

ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சற்றே கூடியிருந்தது. இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உடம்புக்குள் போகும் ஃபுளோரைடை வெளியேற்றும் முக்கிய வழி சிறுநீரகம். நாள்பட்ட வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீரகம் தளர்ந்தால் ஃபுளோரைடு உடம்பிலேயே தங்கும், எலும்பில் இன்னும் சேரும், வலி கூடும், மாத்திரையும் கூடும். வாதத்துக்கென்று பத்து வருடம் போட்ட மாத்திரை, நோய்க்கே தீனி போட்டிருக்கக்கூடும்.

ஊர்ப் போர் தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 3 மி.கி.க்குச் சற்று மேல். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரில் 0.5-க்கும் கீழே.

முதலில் எடுத்த முடிவுகள்

எலும்பில் படிந்ததைக் கரைத்து எடுக்கும் மருந்து கிடையாது. உடம்பில் தங்கும் ஃபுளோரைடில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது, அது வருடக்கணக்கில் மெல்லத்தான் வெளியேறும். இதை அம்மாவிடம் மறைக்காமல் சொல்வது என்று முடிவு செய்தோம். "கழுத்து பழையபடி திரும்பாதுங்கம்மா. ஆனா வலியைக் குறைக்கலாம், இதுக்கு மேல இறுகாம பார்த்துக்கலாம்" என்று எங்கள் களப்பணியாளர் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். அம்மா அழவில்லை. "பையனுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

தினசரி வலி மாத்திரையை மருத்துவர் நிறுத்தி, சிறுநீரகத்துக்குப் பாதகம் குறைந்த மருந்தைத் தேவைப்படும் நாளில் மட்டும் எடுக்கச் சொன்னார். நீட்சிப் பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தார். கழுத்தைப் பிடித்து இழுத்துவிடும் வைத்தியத்துக்குப் போகவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னோம். இறுகிய கழுத்தில் தண்டுவடம் போகும் இடம் ஏற்கெனவே குறுகியிருக்கலாம், அங்கே திடீர் இழுப்பு ஆபத்து. கை கால் மரத்துப்போனாலோ, நடையில் தடுமாற்றம் வந்தாலோ, சிறுநீர் போவதில் சிரமம் இருந்தாலோ அன்றைக்கே கூப்பிடச் சொன்னோம். குத்துக்கால் போட முடியாதவருக்குக் கழிப்பறை நாற்காலி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். பெரிய செலவு இல்லை. ஆனால் அந்த வீட்டில் முதலில் பலன் தெரிந்தது அந்த நாற்காலியால்தான்.

தண்ணீருக்கு என்ன வழி என்பதில் எங்களுக்குள் விவாதம் நடந்தது. அலுமினா வடிகட்டி வைக்கலாம் என்றார் ஒருவர். அது ஃபுளோரைடை நன்றாகவே பிடிக்கும், ஆனால் குறிப்பிட்ட அளவு தண்ணீர் ஓடியபின் காரமும் அமிலமும் விட்டுக் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். ஊரில் அதைச் செய்ய ஆள் இல்லையென்றால் சில மாதங்களில் வெறும் டப்பாவாக நிற்கும். படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து தெளியவைக்கும் நால்கொண்டா முறைக்கு நாள்தோறும் அளந்து போடும் பொறுமை வேண்டும். ஆர்.ஓ. கேன் கூலிக் குடும்பத்துக்குக் கட்டாது. ஆற்றுத் தண்ணீர்தான் வாசலுக்கே வருகிறதே, அதையே குடிக்கட்டும் என்று முடிவானது. குடும்பத்தார் ஏற்கெனவே அதைத்தான் குடிப்பதாகச் சொன்னார்கள். இருந்தாலும் தவறாமல் அதையே குடிக்க வேண்டும் என்று அம்மாவிடம் மறுபடி சொல்லிவிட்டு வந்தோம்.

ஆனி மாதத்துச் சிக்கல்

ஆனியில் சிறுநீரை மறுபடி பரிசோதித்தோம். அம்மாவுக்கு அளவு பெரிதாகக் குறையவில்லை. இதை இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளலாம். எலும்பில் சேர்ந்து கிடந்தது இப்போது வெளியேறிக்கொண்டிருக்கலாம், அப்படியென்றால் கவலையில்லை. அல்லது ஃபுளோரைடு இன்னும் எங்கிருந்தோ உள்ளே போய்க்கொண்டிருக்கலாம். அம்மாவின் அளவை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

அதனால் பேரன், அவன் தங்கை, மருமகள் மூவரின் சிறுநீரையும் சோதித்தோம். மூவருக்குமே அதிகம். எலும்பில் பல வருடச் சேமிப்பு இருக்க வாய்ப்பில்லாத நான்கு வயதுக் குழந்தைக்கும் அதிகம் என்றால், வீட்டில் எல்லோரும் தினமும் உண்ணும் ஏதோ ஒன்றில்தான் அது இருக்கிறது. தேயிலைச் செடி ஃபுளோரைடை இலையில் சேர்த்துவைக்கும் இயல்புடையது, ஆகவே டீயைப் பற்றி விசாரித்தோம். அம்மா மட்டும்தான் குடிப்பார், பிள்ளைகள் தொடுவதில்லை. சமையலுக்குக் கறுப்பு உப்பு பயன்படுத்துகிறார்களா என்றும் கேட்டோம். அதிலும் ஃபுளோரைடு அதிகம். ஆனால் அந்த வீட்டில் அப்படி ஒன்றைக் கண்டதே இல்லை.

அடுப்படியில்

ஆடியில் ஒரு நாள் காலை, சமையல் நேரத்தில் களப்பணியாளரும் பிசியோதெரபிஸ்டும் அந்த வீட்டில் போய் உட்கார்ந்தார்கள். மருமகள் களி கிண்டிக்கொண்டிருந்தார். வாசல் பக்கம் மூடிபோட்ட இரண்டு குடங்களில் ஆற்றுத் தண்ணீர். அடுப்பில் இருந்த பானைக்குத் தண்ணீர் பின்பக்கத்து சிமெண்ட் தொட்டியிலிருந்து வந்தது. அது போர் தண்ணீர்.

"குடிக்கறதுக்கு நல்ல தண்ணிதான் அக்கா. சமைக்கறதுக்கு அந்தத் தண்ணி எங்க பத்துது? கொதிக்க வைக்கிறோமே, அதுல என்ன இருக்கப் போகுது?" என்றார் மருமகள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு ஆவியாகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். இது அவருக்குத் தெரியாமல் இருந்ததில் வியப்பில்லை. "காய்ச்சிக் குடியுங்கள்" என்று எல்லோரும் எல்லா நோய்க்கும் சொல்லிப் பழக்கியிருக்கிறோம்.

கேழ்வரகு இந்த மாவட்டத்தின் பெரும் பலம். 100 கிராமில் சுமார் 350 மி.கி. கால்சியம் இருக்கிறது. கால்சியம் குடலில் ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்வதால் உடம்பில் சேருவது குறையும். ஆனால் களிக்கு ஊற்றும் தண்ணீரில் ஒரு சொட்டுகூட வடிக்கப்படுவதில்லை, முழுவதையும் மாவே குடித்துவிடும். வடித்த சோற்றில் கொஞ்சமாவது கஞ்சியோடு போகும். களி, குழம்பு, ரசம், பிள்ளைகளின் கூழ் எல்லாம் சேர்த்து ஒருவர் வயிற்றுக்குள் சாப்பாட்டு வழியாக நாளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போகிறது என்று வைத்தால், 3 மி.கி. ஃபுளோரைடு. 1.5 மி.கி. என்ற மேல் வரம்பில் உள்ள தண்ணீரை இரண்டு லிட்டர் குடிப்பதும் இதுவும் ஒன்று. குடிநீரை மாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்த வீட்டில், எல்லை அளவு முழுவதும் சாப்பாட்டிலேயே வந்துகொண்டிருந்தது.

அன்றைக்குக் கண்ட இன்னொரு விஷயம், எங்களுடைய பார்வையில் இதைவிடப் பெரியது. அம்மா சமைத்தே மூன்று வருடம் ஆகிறது. குனிந்து பானை தூக்க முடியாததால் அடுப்படி மருமகளிடம் போய்விட்டது. முகாமிலும் திண்ணையிலும் தண்ணீரைப் பற்றி நாங்கள் பேசியதெல்லாம் அம்மாவிடம். தண்ணீர் பிடித்து, ஊற்றி, சமைப்பவர் அப்போதெல்லாம் தோட்டத்தில் கூலி வேலையில் இருந்தார்.

மாற்றிய முடிவுகள்

மருமகளுக்கு முன்னால் தண்ணீர்ச் சோதனைப் பெட்டியைத் திறந்தோம். மூன்று கண்ணாடிக் குழாய்களில் ஆற்றுத் தண்ணீர், போர் தண்ணீர், கொதித்து ஆறிய போர் தண்ணீர். ஒவ்வொன்றிலும் சாயத்தை அவரையே விடச் சொன்னோம். ஆற்றுத் தண்ணீர் இளஞ்சிவப்பாகவே இருந்தது. ஃபுளோரைடு மிகுந்த மற்ற இரண்டும் மஞ்சளாக மாறின. காய்ச்சியதும் காய்ச்சாததும் ஒரே மஞ்சள். அவர் மூன்றாவது குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மகளைக் கூப்பிட்டு அவளுக்கும் காட்டினார்.

அப்புறம் கணக்குப் போட்டோம். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 30 முதல் 35 லிட்டர் வேண்டும். அந்த மேட்டுத் தெருவுக்கு ஆற்றுத் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு முறை வருகிறது. ஆக ஒரு தடவைக்கு 90 முதல் 105 லிட்டர் வரை பிடித்து வைக்க வேண்டும். வீட்டில் இருந்ததோ 15 லிட்டர்க் குடம் இரண்டு. ஆற்றுத் தண்ணீரில் சமைக்காததற்கு அலட்சியம் காரணமே இல்லை, பிடித்து வைக்கப் பாத்திரம் இல்லை. மூடியும் குழாயும் உள்ள 120 லிட்டர் டிரம் ஒன்றை அடுப்படி ஓரம் திட்டுப் போட்டு வைத்தோம், குனியாமல் பிடிக்கிற உயரத்தில். தண்ணீர் வரும் நாளில் மகன் நிரப்பிவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும் என்பது வீட்டார் தங்களுக்குள் பேசி முடிவு செய்தது. குளிக்க, துவைக்க, மாட்டுக்கு எல்லாம் போர் தண்ணீரே. டிரம்மில் கொசு வராமல் மூடிவைப்பது, வாரம் ஒரு முறை கழுவுவது பற்றியும் பேசினோம்.

பேரன்

1973-இலேயே, இன்று தெலங்கானாவில் உள்ள நால்கொண்டா மாவட்டத்தில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் பிள்ளைகளின் முட்டி உள்வாங்குவதை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் பதிந்திருக்கிறார்கள். அதே தண்ணீரைக் குடித்தும் கால்சியம் குறைவாக உண்ணும் பிள்ளைகளுக்கு எலும்பு வளைவது அதிகம் என்பது பின்னால் தெளிவானது. பேரனுக்கு வைட்டமின் டி குறைவாக இருந்தது. அதற்கு மருந்தும் கால்சியமும் மருத்துவர் கொடுத்தார். சத்துணவு முட்டையை அவன் தின்னாமல் நண்பனுக்குக் கொடுத்துவிடுகிறான் என்று ஆசிரியை சொன்னார். அதை அவனிடமே பேசிச் சரிசெய்தோம். பள்ளிச் சமையலுக்கு எந்தத் தண்ணீர் என்றும் விசாரித்தோம், ஆற்றுத் தண்ணீர்தான்.

எலும்பு நீண்டு வளரும் இடமான வளர்ச்சித் தட்டின் ஒரு பக்கம் சிறு தகடு பொருத்திக் காலை நேராக்கும் அறுவை சிகிச்சை அவன் வயதுக்குச் சாத்தியம். குடும்பம் உடனே செய்துவிடலாம் என்றது. தண்ணீரும் சத்தும் சரியாகாமல் செய்தால் திரும்பவும் வளையக்கூடும், வளர இன்னும் வருடங்கள் இருக்கின்றன, ஒரு வருடம் அளந்து பார்க்கலாம் என்றார் எலும்பு மருத்துவர். காத்திருப்பது பெற்றோருக்கு வேதனையாக இருந்தது. இருந்தாலும் அவர் சொன்னதே சரி என்று நாங்களும் எடுத்துச் சொன்னோம்.

அப்புறம் நடந்தது

டிரம் வைத்து மூன்று மாதத்தில் பிள்ளைகள் இருவரின் சிறுநீரிலும் ஃபுளோரைடு பாதிக்கும் கீழே இறங்கியது. மருமகளுக்கும் இறங்கியது. அம்மாவுக்கு மெதுவாகத்தான் குறைகிறது. அவர் எலும்பில் இருப்பு அதிகம் என்பதால் அதை எதிர்பார்த்தோம். கிரியாட்டினின் மேலே ஏறாமல் நிற்கிறது. வலி ஊசிக்குப் போவதை விட்டுவிட்டார். காலையில் எழும்போது இருக்கும் இறுக்கம் குறைந்திருப்பதாகச் சொல்கிறார். கழுத்து திரும்பவில்லை, திரும்பப் போவதுமில்லை. ஐப்பசியில் வலது கை விரல்கள் மரத்தபோது உடனே கூப்பிட்டார். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் கழுத்தில் தண்டுவடத்துக்கான இடம் குறுகியிருப்பது உறுதியானது. நரம்பியல் அறுவை மருத்துவர் இப்போதைக்கு அறுவை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கலாம் என்றிருக்கிறார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இரண்டாம் முறை மதிப்பீட்டுக்குப் போனபோது கிடைத்தது.

தக்காளி பறிக்க அவரால் இனி முடியாது. நின்றபடி தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறார், கூலி குறைவு.

பேரனின் கணுக்கால் இடைவெளியைப் பிசியோதெரபிஸ்ட் மாதம் ஒரு முறை டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதுகிறார். கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் இயல்பு நிலைக்கு வரவில்லை. அறுவை சிகிச்சை வேண்டுமா என்பதை அடுத்த கோடை விடுமுறையில் முடிவு செய்வார்கள். இடையில் ஆற்றுத் தண்ணீர் வரும் இடைவெளி நீண்டபோது டிரம் வற்றி, சில நாள் போர் தண்ணீரில் சமைத்ததாக மருமகள் ஒளிக்காமல் சொன்னார். இரண்டாவது டிரம்முக்கு இப்போது ஏற்பாடு செய்கிறோம்.

இனி மாற்றுவது

எங்கள் முகாம்ப் படிவத்தில் "என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்ற ஒரு கேள்விதான் இருந்தது. இப்போது "எந்தத் தண்ணீரில் சமைக்கிறீர்கள், யார் சமைக்கிறார்கள், ஒரு தடவைக்கு எத்தனை குடம் பிடித்து வைக்க முடிகிறது?" என்ற மூன்றும் சேர்ந்திருக்கின்றன. ஃபுளோரோசிஸ் சந்தேகம் வந்தால் சமைப்பவர் வீட்டில் இருக்கும் நேரத்தில்தான் முதல் வீட்டுச் சந்திப்பு, அதுவும் அடுப்படியில். நோயாளியோடு அந்த வீட்டின் மிகச் சிறிய குழந்தையின் சிறுநீரையும் முதல் நாளே சோதிக்கிறோம். வீட்டுக்குள் ஃபுளோரைடு இன்னும் போகிறதா என்பதை அந்த அளவு சீக்கிரம் காட்டிவிடுகிறது. வலி மாத்திரை நெடுநாள் எடுத்த எல்லோருக்கும் கிரியாட்டினின் பார்க்கிறோம், இதில் செலவைப் பார்ப்பதில்லை.

அந்த மேட்டுத் தெருவில் இன்னும் பல வீடுகள் அதே போர் தண்ணீரில்தான் சமைக்கின்றன. மருமகள் இப்போது சோதனைப் பெட்டியைக் கையாளக் கற்றுக்கொண்டிருக்கிறார். தெருப் பெண்கள் தண்ணீர் பிடிக்கக் கூடும் நாளில் அவர்கள் குடங்களையும் தொட்டிகளையும் அவரே சோதித்துக் காட்டுகிறார். எந்தெந்த வீட்டில் பிள்ளைகளின் பல்லில் காவி இருக்கிறது என்ற விவரத்தை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அடுத்த முகாமில் அந்தப் பிள்ளைகளின் கால்களை முதலில் பார்க்கப் போகிறோம்.